முப்பத்து நான்காம் பக்கத்து ஆறு பேர்

முப்பத்து நான்காம் பக்கத்தில் ஆறு பேரைக் காணவில்லை.

ஏஞ்சல் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். காலையிலிருந்து மூன்று கல்யாணப் பத்திரிகை, ஒரு மஞ்சள் நீராட்டு விழா, ஒரு பதினாறாம் நாள் காரியக் கார்டு என்று வேலை செய்து கண் பூத்துப் போயிருந்தது. திரையில் பக்கத்தைப் பெரிதாக்கினாள். தன் நோட்டை எடுத்து வரிக்கு வரி விரல் வைத்து ஒப்பிட்டாள். தேரின் உயரம் இருந்தது. எடை இருந்தது. சக்கரத்தின் விட்டம் அங்குலம் பிசகாமல் இருந்தது. சக்கரத்துக்குக் கட்டை போடும் ஆறு பேர் மட்டும் இல்லை. அவர்கள் இருந்த பதினோரு வரிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'இத்தேர் தானே சிந்தித்துத் திரும்பும். அறிவு: 14' என்று ஒரே ஒரு வரியை வைத்திருந்தார்கள்.

பக்கத்தின் உச்சியில் 'உருவாக்கம்: கா. ஏஞ்சல்' என்பது பத்திரமாக இருந்தது.

"தானே திரும்புமாமே," என்றாள் திரையைப் பார்த்து.

கல்லாவில் இருந்த கடைக்காரர் பஞ்சாட்சரம் நிமிர்ந்தார். "என்னாம்மா, கம்ப்யூட்டர்கூட சண்டையா?"

"ஒண்ணுமில்ல சார்."

அவர் மீண்டும் பேப்பருக்குள் போய்விட்டார். ஏஞ்சல் ஒரு துண்டுத்தாளை எடுத்துக் காணாமல் போன பதினோரு வரிகளையும் எழுத ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பதினோராவது வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருபத்தெட்டு வருடத்துக்கு முன் பிறந்தவள் ஏஞ்சல். அப்பா காசிநாதன் மரக்கடையில் சுமை இறக்குபவர். அம்மா கங்கையம்மாள் பிரசவத்துக்குப் போன இடத்தில் ஒரு நர்சம்மா குழந்தையைக் கையில் வாங்கியதும் ஏஞ்சல் என்றாள். அதுவே பெயராக நின்றுவிட்டது. அண்ணன் சத்யராஜ் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு தச்சு வேலைக்குப் போனான். தங்கை பன்னிரண்டு முடித்து, தட்டச்சும் டிடிபியும் படித்து, பஞ்சாட்சரத்தின் அச்சகத்தில் சேர்ந்தாள். ஒன்பது வருடமாக அந்த நாற்காலிதான். காஞ்சிபுரத்தில் யார் வீட்டுக் கல்யாணத்தில் எத்தனை மாமன்மார் பெயர் போடவேண்டும், எந்தச் சித்தப்பாவின் பெயர் எவருக்கு மேலே வரவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் கையை விட்டுப் போன பத்திரிகையில் எழுத்துப்பிழை என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

திரையில் இருந்த பக்கம் ஒரு விளையாட்டுப் புத்தகத்தினுடையது. அந்த விளையாட்டுக்குள் அவள் வந்ததும் ஒரு பிழையால்தான். நான்கு வருடம் முன்பு ஆனந்தகுமார் சில தாள்களை அச்சடிக்கக் கொண்டுவந்தான். பட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பம். சென்னையில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவன். தாள்களில் வீரர்களின் பெயர், பலம், வேகம், உயிர் அளவு என்று கட்டம் கட்டமாக எண்கள். ஏஞ்சல் ஒரு முறை பார்த்துவிட்டு, "மூணாவது தாள்ல கூட்டுத்தொகை தப்பா இருக்குதுங்க. பதினாறு வரணும், பதினெட்டு போட்டிருக்குது," என்றாள். அந்த மூன்றாவது தாள் ஆனந்தகுமாருடைய சொந்த வீரன். அவன் தாளைத் திருப்பி வாங்கிக் கூட்டிப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஃப்ரீயா நீ?" என்றான்.

அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வீரன். என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்லி, இருபது முகம் உள்ள டைஸை உருட்டினால், நடந்ததா இல்லையா என்பதை டைஸ் சொல்லும். விதிப் புத்தகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. ஆடுவது தமிழில். ஞாயிற்றுக்கிழமை அச்சகம் மூடியிருக்கும் என்பதால் பஞ்சாட்சரம் சாவியை ஏஞ்சலிடம் கொடுத்துவிடுவார். பத்திரிகை மடிக்கும் பெரிய மேசைதான் ஆட்டக் களம்.

ஆட்டத்தில் எதிரே வரும் பூதங்களில் ஒரு வகை அவளைப் பிடித்துக்கொண்டது. அவை பிறப்பதில்லை. மந்திரவாதி ஒருவன் கல்லிலோ மரத்திலோ செம்பிலோ செய்து உயிர் ஏற்றுகிறான். மற்றவர்கள் கன்ஸ்ட்ரக்ட் என்றார்கள். ஏஞ்சல் தன் நோட்டில் 'செய்பூதம்' என்று எழுதிக்கொண்டாள். அவற்றுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, களைப்பு இல்லை, ஏவினதைச் செய்யும் என்று விதிப் புத்தகம் சொன்னது. அதை மட்டும் அவளால் நம்ப முடியவில்லை.

"செஞ்ச பொருள் எதுவும் தானா ஓடாது," என்றாள் ஒருநாள். "பக்கத்துல ஒருத்தன் நின்னுக்கினுதான் இருப்பான்."

அதை வைத்துத்தான் அவள் சொந்தமாகப் பூதங்கள் செய்ய ஆரம்பித்தாள். முதலாவது கூரத்துச் செப்பேட்டுக் காவலன். பழைய பல்லவர் செப்பேடு கிடைத்த கூரம் கிராமத்துக்கு அண்ணன் அவளை வண்டியில் அழைத்துப் போனான். செப்பேடு அங்கே பார்க்கக் கிடைக்கவில்லை; கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஒரே வாரத்தில் முடித்தாள். வளையத்தில் கோத்த செம்புத் தகடுகளே அதன் உடம்பு. தகட்டில் வெட்டியிருப்பதை மட்டும்தான் செய்யும். அதை வாளால் வெல்ல முடியாது. எழுத்து வெட்டிய ஆளைத் தேடிப் பிடித்து ஒரு வரி சேர்க்க வைக்கவேண்டும். இரண்டாவது தாமல் ஏரி மதகுப் பூதம். தண்ணீருக்குள் மூழ்கி அடைப்பை இழுக்க ஒருவன் இறங்காதவரை கல்லாகவே கிடக்கும். மூன்றாவதுதான் தேர்.

தேருக்கு மட்டும் ஏழு மாதம் ஆனது. காரணம் அப்பா.

காசிநாதன் முப்பத்தொரு வருடமாக ஊரில் ஒரு கோயில் தேருக்குக் கட்டை போடுபவர். தேருக்குத் திருப்பும் வளையமும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஆயிரம் பேர் வடத்தை இழுத்தால் அது நேராகப் போகும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை நிறுத்துவதும் வளைவில் திருப்புவதும் சக்கரத்தை ஒட்டி ஓடி, ஆப்பு மாதிரி செதுக்கிய முட்டுக்கட்டையைச் சரியான நொடியில் சக்கரத்தின் அடியில் கொடுக்கும் ஆட்கள்தான். முன் சக்கரங்களுக்கு இரண்டிரண்டு பேர், பின் சக்கரங்களுக்கு ஒவ்வொருவர். மொத்தம் ஆறு.

ஏஞ்சல் முதலில் எழுதிய விதியில், கட்டையைச் சக்கரத்துக்கு நேர் முன்னால் வைத்தால் தேர் நிற்கும் என்றிருந்தது. அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்.

"நேரா வெச்சின்னா கட்டை பொளந்துக்கினு உன் கால்மேல வரும். சாய்ச்சுக் குடுக்கணும். எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு. அது பாதி ஏறும், மீதி வழுக்கும், தேரு மூஞ்சியத் திருப்பும். குடுத்த ஒடனே காலு வெளிய வந்துடணும்."

"வரலைன்னா?"

அவர் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அவருடைய இடது காலில் இரண்டு விரல் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு தெருமுனையில் தேரைத் திருப்பும்போது போனது. அன்றைக்கும் தேர் நிலைக்கு வந்துவிட்டது. மறுநாள் செய்தித்தாளில் தேர் அசைந்து வந்த அழகைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள்.

சத்யராஜ் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தை அளந்து வந்தான். விட்டம், கனம், இரும்புப் பட்டையின் அகலம் என்று எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்தான். அப்பா ஓடும் அதே தேரில் பின் வலது சக்கரத்துக்கு அவனும் ஆறு வருடமாகக் கட்டை போடுகிறான். அந்த அளவுகளை வைத்துத் தேர்ப் பூதத்தின் விதி உருவானது. அதற்குக் காது கிடையாது. எந்த மந்திரத்துக்கும் அது திரும்பாது. கட்டை போடும் ஆறு பேர் மட்டுமே அதைத் திருப்ப முடியும். சாய்த்துக் கொடுத்தால் டைஸில் ஒன்று விழுந்தால் மட்டும் ஆள் பாதத்தை இழப்பான். நேராகக் கொடுத்தால் ஒன்று முதல் ஐந்துவரை எது விழுந்தாலும் இழப்பான். கடைசி விதி இது: ஆட்டம் தொடங்கும் முன் ஆறு பேருக்கும் பெயர் எழுதவேண்டும். பெயர் இல்லாதவன் ஓடமாட்டான்.

கடைசி விதி அவள் வேலையிலிருந்தே வந்தது. தேர்த்திருவிழா அழைப்பிதழை வருடா வருடம் அவள்தான் கோப்பாள். பந்தல் போட்டவர் பெயர் அதில் உண்டு. பூ அலங்காரம், ஒலிபெருக்கி, தண்ணீர்ப் பந்தல், மோர் ஊற்றியவர், ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுத்தவர் எல்லோருக்கும் உண்டு. கட்டை போடுபவர் பெயர் ஒரு வருடமும் வந்ததில்லை. ஒருமுறை பஞ்சாட்சரத்திடம் கேட்டாள். "குடுத்த காப்பியில இல்லாததை நாம சேக்கக் கூடாதும்மா. ஒரு புள்ளி கூட," என்றார். அச்சகத்தின் சட்டம் அது. வாடிக்கையாளர் கையெழுத்து இல்லாமல் எழுத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நியாயமான சட்டம்தான். அவளும் அதன்படியே நடந்தாள்.

இப்போது காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் ஆடுகிறவர்கள் சேர்ந்து, தாங்கள் உண்டாக்கிய நாற்பது பூதங்களைத் தமிழில் ஒரு புத்தகமாகப் போடுகிறார்கள். அடுத்த மாதம் சென்னையில் ஆட்டக்காரர்கள் கூடும் இடத்தில் வெளியீடு. தொகுப்பவன் ஆனந்தகுமார். அச்சுக்கோப்பு பஞ்சாட்சரம் கடையில். அப்படித்தான் அவளுடைய தேர், கை கால் வெட்டப்பட்டு, அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது.

மதியம் சாப்பிடாமல் ஆனந்தகுமாருக்குப் போன் போட்டாள்.

"முப்பத்தி நாலாம் பக்கத்தை யாரு மாத்துனது?"

"நான்தான். பாத்தியா? நல்லா டைட்டா வந்துருக்குதுல்ல?"

"ஆறு பேரு எங்கே?"

"எந்த ஆறு பேரு? ஓ, அதுவா. மான்ஸ்டர் பக்கத்துல மனுஷங்க எதுக்குமா? தேருதான் மெயின். கூட ஓடறவங்க எல்லாம் பேக்ரவுண்ட். அப்புறம் அந்தப் பாதம் போற ரூல் ரொம்ப டார்க். ஜாலியா ஆட வரவங்களைப் போய் எதுக்கு பயமுறுத்தணும்? ஆறு பேருக்கும் பேரு வைக்கணும்னு வேற எழுதியிருக்கே. யாரு உக்காந்து பேரு வெச்சுக்கினு இருப்பாங்க?"

"அவங்க இல்லாம தேரு திரும்பாது."

"மேஜிக்மா. திரும்பும்."

"எழுதுனது நான். என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

"உன் பேரு மேலயே இருக்குதே, எடுக்கலையே. ஏஞ்சல், கோச்சுக்காத. புக்குலேயே பெஸ்ட் பக்கம் உன்னோடதுதான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ப்ரூஃப் அனுப்பிடு."

நான்கு வருடமாக அவன் அவளை நீ என்றுதான் சொல்கிறான்; அவள் அவனை நீங்க என்கிறாள். அதை அவள் இத்தனை நாள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போனை வைத்த பிறகு அன்றைக்கு அது உறுத்தியது.

வீட்டுக்கு வந்து துண்டுத்தாளை அண்ணன் முன்னால் போட்டாள். சத்யராஜ் எழுத்தின் அளவைப் பார்த்ததுமே விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டு இழைப்புளியை ஓரமாக வைத்தான். முழுக்கக் கேட்டான்.

"கம்ப்யூட்டர் உன்கிட்டதானே இருக்குது. நீயே பழையபடி போட்டுடு. அவன் என்ன எழுத்துக்கூட்டிப் படிக்கப் போறானா?"

"கையெழுத்து இல்லாம ஒரு புள்ளி மாத்தக் கூடாதுண்ணா."

"அவன் உன்னைக் கேக்காமதானே மாத்துனான்?"

"அதனாலதான் நான் மாத்தக் கூடாது. நாளைக்கு அவன் என்னைப் பாத்து, நீயும்தானே திருட்டுத்தனமா மாத்துனேன்னு சொல்லக் கூடாது. அவன் கையாலயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

உள்ளேயிருந்து காசிநாதன், "விடும்மா. விளையாட்டுதானே," என்றார்.

அந்த வார்த்தைதான் அவளை முழுக்கப் பற்றவைத்தது. விரல் போன அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதே குரலில் "விடுங்க, ரெண்டு விரல்தானே," என்று அவர் சொன்னபோது அவளுக்குப் பதினேழு வயது. அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

"விட மாட்டேன் நைனா," என்றாள். உடனே ஆட்டக்காரர்களின் வாட்சப் குழுவில் செய்தி போட்டாள். 'ஞாயிறு மதியம் 34ஆம் பக்கத்தை ரெண்டு விதமாகவும் ஆடிப் பார்ப்போம். பிறகு எதை அச்சடிப்பது என்று முடிவு செய்யலாம். கதை நான் சொல்கிறேன்.' ஆனந்தகுமார் கட்டைவிரலைக் காட்டினான். கூடவே, 'கோபமா டீச்சர்?' என்று சிரிக்கும் முகம் ஒன்றையும் அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து மேசையைத் துடைத்தாள். வேணுகோபால் முதலில் வந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் தெலுங்கு, மேசையில் மிக்சர். அவனுடைய வீரன் ஒரு திருடன்; ஆபத்து என்றால் முதல் ஆளாக ஓடிவிடுவான். அடுத்து துர்காதேவி வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று பேரில் ஏஞ்சலின் வீட்டு வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். கடைசியாக ஆனந்தகுமார், தன் பழைய வீரன் இளவழுதியின் தாளை உறையில் போட்டுக் கொண்டுவந்தான். நான்கு வருடமாக வளர்த்த மந்திரவாதி. ஒரு சின்னத் தழும்புகூட இல்லை.

கதை எளிது. மந்திரம் கெட்டுப்போன தேர் ஒன்று தானாகக் கிளம்பிவிட்டது. மூன்றாவது முனையில் திருப்பாவிட்டால் நெசவாளர் தெருவுக்குள் புகுந்து வீடுகளை இடித்துவிடும்.

முதலில் ஆனந்தகுமாரின் விதிப்படி ஆடினார்கள். இளவழுதி தேரோடு மனதால் பேசினான். தேருக்கு அறிவு பதினான்கு, அவனுக்குப் பதினெட்டு. டைஸை உருட்டினான். "திரும்பு," என்றான். திரும்பியது. ஏழு நிமிடம்.

"முடிஞ்சிதா?" என்றான் வேணுகோபால், மிக்சர் பாதி வாயில். "நான் இன்னும் ஓடவே இல்லையேப்பா."

"ஸ்மூத்தா இருக்குதுல்ல," என்றான் ஆனந்தகுமார்.

"ஆட்டோவுக்கு வழி சொன்ன மாதிரி இருக்குது," என்றாள் துர்காதேவி.

ஏஞ்சல் சிரிக்கவில்லை. தன் நோட்டைத் திறந்தாள். "இப்ப என்னோடது. ஆறு பேரு பேரு சொல்லுங்க."

"ஆள் ஒண்ணு, ஆள் ரெண்டு, ஆள் மூணு…"

"அது பேரு இல்ல."

"நேரம் போவுதுமா. பேரு இல்லாமலே ஆடலாம்."

"சரி," என்றாள் ஏஞ்சல். "பேரு இல்லாதவங்க ஓட மாட்டாங்க. கட்டை ஆறும் தரையில கிடக்குது. தேரு முதல் முனையைத் தாண்டிடுச்சு. என்ன பண்றீங்க?"

இளவழுதி தேரோடு பேசப் பார்த்தான். தேருக்குக் காது இல்லை என்றாள். தீ ஏவினான். தேர் எரிந்துகொண்டே நேராகப் போனது. வேணுகோபாலின் திருடன் வழக்கம்போல ஓடினான். துர்காதேவியின் வீராங்கனை வடத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வடம் அவளையும் இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது முனையும் போனது.

"அப்ப நானே கட்டை போடறேன்," என்றான் ஆனந்தகுமார். "அதுல என்ன இருக்குது?"

"எந்தச் சக்கரம்?"

"முன்னாடி."

"இடதா, வலதா?"

"ம்… இடது."

"எந்தக் கை?"

"இதெல்லாமா கேப்பாங்க? வலது கை."

"கட்டை நேராவா, சாய்ச்சா?"

அவன் ஒரு நொடி யோசித்தான். "நேரா. அப்பதானே நிக்கும்."

தானும் முதலில் இதையேதான் எழுதியிருந்தது ஏஞ்சலுக்கு நினைவு வந்தது. ஆனால் அவள் போய்க் கேட்டாள். இவனுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"உருட்டுங்க."

டைஸ் மேசையில் ஓடி, காகிதக்கட்டின் ஓரத்தில் இடித்து, நான்கு காட்டி நின்றது.

"கட்டை பொளந்துடுச்சு," என்றாள். குரல் உயரவில்லை. "இளவழுதியோட வலது பாதம் சக்கரத்துக்கு அடியில. வேகம் பாதி. இனிமே ஓட முடியாது. தாள்ல எழுதிக்குங்க."

வேணுகோபால் மிக்சர் பொட்டலத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இரு இரு," என்றான் ஆனந்தகுமார். "டைஸ் ஓரத்துல இடிச்சுது. செல்லாது."

"நாலு வருஷமா ஓரத்துல இடிச்சாலும் செல்லும்னு சொன்னது நீங்கதான்."

"அதில்லமா. ஒரு கட்டைக்காக என் ஆளோட காலையா எடுப்பே? எவ்ளோ நாள் ஆடி வளத்தவன் தெரியுமா? இதுக்கு முன்னாடி ஒரு வார்னிங் வேணும். ஒரு சேவிங் சான்ஸ் வேணும். ரூலே தப்பு இது."

ஏஞ்சல் நோட்டை மூடினாள். இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"கட்டை போடறவன் காலு போனா ரொம்ப டார்க், படிக்கிறவங்க பயப்படுவாங்க, எடுத்துடலாம். உங்க ஆளு காலு போனா ரூலு தப்பு. அப்படித்தானே?"

"நீ எதை எதோட சேக்கிற? இது கதை. அங்க அவங்களுக்கு அது பழக்கம். பரம்பரையா பண்றவங்க."

"நீங்க வருஷா வருஷம் வடம் புடிக்கிறீங்கல்ல?"

"புடிக்கிறேன். அதுக்கென்ன?"

"போட்டோ எல்லாம் போடறீங்க. கட்டை போடறவங்கள்ல ஒருத்தர் பேராவது தெரியுமா உங்களுக்கு?"

ஆனந்தகுமார் மற்ற இருவரையும் பார்த்தான், நியாயம் கேட்பது போல. "கட்டை போடறவங்க பேரெல்லாம் யாருக்குமா தெரியும்?"

துர்காதேவி நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். ஏஞ்சலைப் பார்த்தாள். ஏஞ்சல் அவளைப் பார்க்கவில்லை. அவள் கண் டைஸின் மேல் இருந்தது.

"தேரு மூணாவது முனைக்கு வந்துக்கினு இருக்குது," என்றாள் ஏஞ்சல். "உங்களால நடக்க முடியாது. பேரு சொன்னீங்கன்னா ஆறு பேரு வருவாங்க. சொல்லலைன்னா தெரு போயிடும்."

"சரி, எழுதறேன். என்ன பேரு வைக்க? ஒண்ணும் தோணலை," என்றான் அவன். எரிச்சலாகப் பேனாவை எடுத்தான். "யாராச்சும் ஒண்ணு சொல்லுங்கப்பா."

"காசிநாதன்," என்றாள் துர்காதேவி.

அவன் எழுதினான். "பழைய காலத்துப் பேரு. செட் ஆவுது."

"ஏஞ்சலோட அப்பா பேரு அது," என்றாள் துர்காதேவி. "முப்பத்தோரு வருஷமா கட்டை போடறாரு. இடது கால்ல ரெண்டு விரல் இல்ல."

பேனா தாளின்மேல் நின்றது. வெளியே ஷட்டருக்கு அடியில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. வேணுகோபால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீ சொல்லவே இல்லையே, ஏஞ்சல்," என்றான் ஆனந்தகுமார்.

"எங்க அப்பாவா இல்லைன்னா எடுத்துருக்கலாமா?"

அவன் பேனாவின் மூடியை மாட்டினான். திரும்பக் கழற்றினான்.

"எழுதுங்க," என்றாள் ஏஞ்சல். "இன்னும் அஞ்சு பேரு இருக்குது."

அவள் சக்கரம் சக்கரமாகச் சொன்னாள். முன் இடதில் காசிநாதனோடு பரமசிவம். முன் வலதில் குமாரசாமியும் அவர் மருமகன் ஏகாம்பரமும். பின் இடதில் தேவராஜ். ஆனந்தகுமார் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக எழுதினான். பின் வலதுக்குச் சத்யராஜ் என்றதும் தலை நிமிராமல் கேட்டான்.

"இவரு?"

"எங்க அண்ணன். இந்தப் பக்கத்துல இருக்கிற அளவெல்லாம் அவரு எடுத்தது. ரெண்டு வாட்டி அளந்தாரு. நீங்க ஒரு வாட்டி கூடப் பாக்காம வெட்டுனீங்க."

ஆறு பேரும் ஓடினார்கள். டைஸ் ஆறு முறை உருண்டது. ஒருமுறைகூட ஒன்று விழவில்லை. விழுந்திருந்தால் அவள் யாரையும் விட்டிருக்க மாட்டாள், அப்பாவையும் சேர்த்து. தேர் பாதி ஏறி, மீதி வழுக்கி, மூஞ்சியைத் திருப்பியது. ஓடிப்போன வேணுகோபாலின் திருடன்கூடத் திரும்பி வந்து பார்த்தான். "இதான்பா ஆட்டம்," என்றான் வேணுகோபால். ஆனந்தகுமார் இளவழுதியின் தாளில் 'வேகம்' என்ற கட்டத்தை அடித்துப் பாதியாக எழுதினான்.

ஏஞ்சல் அலமாரியிலிருந்து முப்பத்து நான்காம் பக்கத்தின் ப்ரூஃபை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் தன் துண்டுத்தாள், பொடி எழுத்தில் பதினோரு வரி.

"உங்க கையால எழுதுங்க. நான் சேக்க மாட்டேன்."

அவன் 'அறிவு: 14' வரியை அடித்தான். பதினோரு வரியையும் ஓரத்தில் எழுதினான். இரண்டு இடத்தில் அவளுடைய எழுத்துப் புரியாமல் கேட்டான், அவள் சொன்னாள். கடைசி விதிக்குக் கீழே பெயர் எழுத ஆறு கோடு வரைந்தான். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு பண்ணலாமா? புக்குலேயே உங்க அப்பா பேரைப் போட்டுடலாம். முதல் பக்கத்துல நன்றின்னு. பெருசா," என்றான்.

உங்க என்று அவன் சொன்னது மேசையில் எல்லோருக்கும் கேட்டது.

"வேணாம்," என்றாள். "கோடு மட்டும் இருக்கட்டும். வாங்கறவங்க அவங்க ஊர்ல யாரு கட்டை போடறாங்கன்னு தேடிப் போய்க் கேட்டு எழுதட்டும். கேக்காதவன் ஆட வேணாம்."

அவன் கையெழுத்துப் போட்டு எழுந்தான்.

"இருங்க," என்றாள் ஏஞ்சல். ப்ரூஃபைத் தன் பக்கம் இழுத்து, ஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைத்தாள். தன் நோட்டோடு ஒப்பிட்டு எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஆனந்தகுமார் நின்றுகொண்டே இருந்தான். துர்காதேவி டைஸ்களை டப்பாவில் போட்டாள், வேணுகோபால் சிந்திய மிக்சரைக் கூட்டித் துடைத்தான், வெளியே வெயில் சாய்ந்தது. ஒன்பதாவது வரியில் ஸ்கேல் நின்றது.

"இங்க 'பாதம்' விட்டுப் போயிருக்குது," என்றாள். "சேத்து எழுதிட்டு, பக்கத்துல இன்னொரு கையெழுத்துப் போடுங்க."